எழுதியவரும் எழுதாதவரும்: மட்டாஞ்சேரியின் இரு பாடகர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் கோடியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. அதன் முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துகள் வெட்டிய ஒரு கல்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அது அந்த ஆலயத்தின் கல் அல்ல. பக்கத்துக் கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த வேறோர் ஆலயத்தின் கல். கொச்சங்காடி ஆலயம் இன்று இல்லை. கூரையும் சுவரும் அங்கே தொழுதவர்களின் பேச்சும் மண்ணோடு போய்விட்டன. ஆண்டு வெட்டிய அந்த ஒரு கல் பிழைத்ததால்தான் அப்படி ஓர் ஆலயம் இருந்தது என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கொச்சங்காடிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். 1520-இல் கட்டிய செம்பிட்டபள்ளி மசூதியைச் சுற்றியுள்ள சந்துகளில் பாடகர்கள் பலர் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். கல்யாண வீட்டில் விடியவிடியப் பாடியவர்கள், ஆர்மோனியம் வாசித்தவர்கள், தபேலா தட்டியவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கல் இருக்கிறது?

நாட்டார் கலைஞர்களுக்கு விருது விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பறையாட்டக்காரர், கும்மி ஆசிரியர், வில்லிசைக்காரர் என்று பலருக்காக உட்கார்ந்திருக்கிறேன். எல்லாப் படிவங்களிலும் பேனா தயங்கி நிற்கும் இடம் ஒன்றுதான்: "தங்கள் கலைப்பணி பற்றிய குறிப்பு." பெயர், வயது, முகவரி எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அறுபது ஆண்டு பாடிய வாய் அடைத்துப்போகும்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு மட்டாஞ்சேரியின் இரண்டு பாடகர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் எச். மெஹ்பூப். மற்றவர் உம்பாயி. முதலாமவர் தன் கதையைத் தானே எழுதவில்லை. இரண்டாமவர் எழுதினார்.

ஒரே மண், இரண்டு குரல்

துறைமுகம் இந்தத் தெருக்களுக்குப் பல மொழிகளைக் கொடுத்தது. மிளகும் இஞ்சியும் வாங்க வந்த குஜராத்திகள், கச்சிகள், கோயிலைச் சுற்றிக் குடியேறிய கொங்கணிகள், தக்கினி பேசும் முஸ்லிம்கள், வேளியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார்கள் என்று ஒரு மைல் சுற்றளவில் ஒரு தேசமே குடியிருக்கிறது. பம்பாயோடு இருந்த போக்குவரத்தோடு இந்துஸ்தானி இசையும் இறங்கியது. கேரளத்தின் மற்ற ஊர்களில் இந்திப் பாடகர் சாய்கலின் பாட்டைக் கேட்டார்கள் என்றால் மட்டாஞ்சேரியில் அதைக் குடும்பச் சொத்தாகவே வைத்துக்கொண்டார்கள். இந்த மண்ணில்தான் இருவரும் வளர்ந்தார்கள்.

மெஹ்பூப் 1926-இல் பிறந்தவர், தக்கினி முஸ்லிம் குடும்பம். ஊர் அவரை மெஹ்பூப் பாய் என்றுதான் அழைத்தது. மலையாளத் திரைப்படம் தனக்கென்று ஒரு பாட்டு மொழியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் குரல் திரைக்குப் போனது. 1951-இல் வந்த 'ஜீவித நௌக'யில் பாடினார். 1954-இல் 'நீலக்குயில்' வந்தது. பி. பாஸ்கரனின் சொல்லும் கே. ராகவனின் இசையும் மலையாளத் திரைப்பாட்டை நாட்டார் மெட்டின் பக்கம் திருப்பிய படம் அது. அதிலும் மெஹ்பூப் இருக்கிறார். 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' வந்தபோது எம். எஸ். பாபுராஜின் இசையில் அந்தக் கோட்டைப் பற்றிய பாட்டைப் பாடியவரும் அவரே. ஆனால் திரையில் பாடியதற்குக் கணக்கு உண்டு. கொச்சியின் கல்யாண வீடுகளில் பாடியதற்குக் கணக்கே இல்லை. 1981-இல் அவர் மறைந்தார். அவர் பெயரில் அமைந்த இசைக்குழு அவர் பாட்டுகளை மேடையில் தொடர்ந்து பாடி வந்தது.

உம்பாயி ஒரு தலைமுறை பின்னால் வந்தவர். 1950-இல் மட்டாஞ்சேரியில் பிறந்தார், இயற்பெயர் இப்ராஹிம். முதலில் கை பட்டது தபேலாவில். வாப்பாவுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. பம்பாய்க்குப் போன இளைஞர் அங்கே உஸ்தாத் முஜாவர் அலி கானிடம் ஆண்டுக்கணக்கில் கற்றார். திரும்பி வந்து கொச்சியில் கசல் பாடினார். ஜான் ஆபிரகாம் 1986-இல் எடுத்த 'அம்ம அறியான்' படத்தில் அவர் பாடுவதைக் காணலாம். பின்னர் அவர் செய்த காரியம் பெரியது. உருதுவில் பாடி வந்த கசலை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். ஓ. என். வி. குறுப்பும் சச்சிதானந்தனும் அவருக்காகச் சொல் கொடுத்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட இசைத்தொகுப்புகள். 2018 ஆகஸ்ட் 1 அன்று மறைந்தார். மறைவதற்கு முன் 'ராகம் பைரவி' என்ற தன்வரலாற்றையும் விட்டுச் சென்றார்.

இருவரையும் நாட்டார் பாடகர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயலும் வரப்பும் இருந்தால்தான் நாட்டார் பாட்டு என்று நாம் பழகிவிட்டோம். துறைமுகத் தெருவில் மைலாஞ்சி இரவன்று, மணப்பெண்ணின் கை சிவக்கும் வரை பாடிய பாட்டு வேறு எந்த இனம்? அச்சில் வராமல், பள்ளியில் கற்பிக்காமல், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போன பாட்டு நாட்டார் பாட்டுதான். படிவம் அச்சடித்தவருக்குத்தான் குழப்பம். செவ்வியல், மெல்லிசை, நாட்டுப்புறம் என்று மூன்று கட்டம் போட்டு ஒன்றில் குறியிடச் சொல்கிறார்கள். மட்டாஞ்சேரிப் பாட்டு மூன்றிலும் கால் வைத்து நிற்கிறது. இந்தச் சிக்கலை விளக்கவாவது ஒரு குறிப்பு வேண்டும். கட்டம் சொல்லாததைப் பாடகர் சொல்லியாக வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

முதலில், கற்ற இடம். உம்பாயியிடம் சொல்வதற்கு ஒரு குருவின் பெயர் இருந்தது. உஸ்தாத் முஜாவர் அலி கான், பம்பாய், இத்தனை ஆண்டுகள். விருதுக்குழு இதைக் கண்டதும் தலையசைக்கும். மெஹ்பூபின் பள்ளிக்கூடம் தெரு. கேட்ட பாட்டு, கூடிய கூட்டம், உடன் பாடியவர்கள். இந்தக் கல்விக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இரண்டாவது வகையான கல்வி குறைந்தது என்று நினைத்து நம் கலைஞர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள். "முறையாகக் கற்கவில்லை" என்று எழுதச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நாற்று நடும்போது அம்மாவிடம் கேட்டதும், சாவு வீட்டில் பெரியம்மாவின் மாரடிப்புக்குப் பின்பாட்டு பாடியதும் முறையான கல்விதான். யாரிடம், எங்கே, என்ன வேலைக்கிடையில் கேட்டேன் என்று எழுதினால் அதைவிடப் பெரிய குருகுலம் இல்லை.

இரண்டாவது, பாடிய இடம். உம்பாயியின் இடங்களுக்குப் பதிவு உண்டு. விடுதி அரங்கு, இசைத்தொகுப்பு, திரை, மேடை என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. மெஹ்பூபின் முதன்மையான மேடை கல்யாணப் பந்தல். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் வரும், பாடகன் பெயர் வராது. பந்தல் பிரித்ததும் மேடையும் போய்விடும். "நிகழ்ச்சிச் சான்றுகளை இணைக்கவும்" என்று படிவம் கேட்கும்போது நாட்டார் கலைஞன் திகைத்து நிற்பது இந்தக் காரணத்தால்தான். அவனுக்குச் சான்று இல்லாமல் இல்லை. அந்தச் சான்று காகிதமாக இல்லை.

மூன்றாவது, சொல். இருவருமே தாமாக எழுதிக்கொண்ட பாட்டை மட்டும் நம்பியவர்கள் அல்லர். உம்பாயிக்குக் கவிஞர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர் உறையில் இருந்தது. மெஹ்பூப் பாடிய கொச்சிப் பாட்டுகளுக்குச் சொல் கொடுத்த மேப்பள்ளி பாலன் போன்றவர்களை ஊருக்கு வெளியே அறிந்தவர் குறைவு. பாடகனின் கதை எழுதப்படாதபோது அவனோடு சேர்ந்து பத்துப் பேரின் கதையும் எழுதப்படாமல் போகிறது. பாட்டெழுதியவர், ஆர்மோனியம் வாசித்தவர், கூட வந்து மேளம் சுமந்தவர் எல்லோரும் அந்த ஒரு மௌனத்துக்குள் போய்விடுகிறார்கள்.

நான்காவது, மக்கள் நினைவு. இந்த ஒன்றில் தராசு மெஹ்பூப் பக்கம் சாய்கிறது என்றே சொல்வேன். உம்பாயியை விரும்பியவர்கள் அவரைத் தேடிச் சென்று கேட்டவர்கள். மெஹ்பூப் தேடாதவர் வீட்டுக்கும் வந்தார். பெரியம்மாவின் கல்யாணத்தில் பாடியவர், எங்கள் சந்துத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தவர் என்று ஊர் அவரை உறவாக நினைவில் வைத்திருக்கிறது. அந்த அன்பு எந்தத் தன்வரலாற்றாலும் வராது. ஆனால் அந்த நினைவுக்கும் ஆயுள் உண்டு. அவரை நேரில் கேட்ட தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. சொல்பவர் போனால் சொல்லும் போகும்.

ஐந்தாவது, விருது. பத்ம விருதுப் பட்டியலில் மெஹ்பூபும் இல்லை, உம்பாயியும் இல்லை. தன்வரலாறு எழுதினால் விருது வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவருக்கு விருது வராமலும் போகலாம், எழுதாதவரை ஊரே தலையில் தூக்கி வைக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து மட்டாஞ்சேரியில் ஒருவர் எப்படிப் பாட்டு கற்றார், எப்படிப் பிழைத்தார் என்று ஒரு மாணவி கேட்டால் உம்பாயி தன் வாயாலேயே பதில் சொல்வார். மெஹ்பூபுக்காகப் பிறர்தான் பேச வேண்டும். விருதைவிட இதைத்தான் பெரிய வேறுபாடாக நான் கருதுகிறேன்.

படிவம் எதைக் கேட்கிறது

பத்ம விருதுகள் 1954-இல் தொடங்கின. இன்று பரிந்துரை இணையவழியில் மட்டும்தான். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் இடமுண்டு. பணியை விளக்கும் குறிப்பு 800 சொற்களுக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வயதைக் கணக்கிட்டு ஐந்து விருதுகள் தருகிறது: 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. அதற்கு அப்பால் கலைமாமணி. கேரளத்தில் நாட்டார் கலைகளுக்கென்றே கண்ணூரில் ஃபோக்லோர் அகாடமி இருக்கிறது. வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. அந்த 800 சொற்களை என்ன செய்வது என்பதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள்.

நானும் தோற்றிருக்கிறேன். முதன்முதலில் ஒரு பறையாட்டக்காரருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் "இசை வானில் சுடர்விடும் விண்மீன்" என்று தொடங்கினேன். அவர் அதைக் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். "நல்லாருக்குங்க, ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்த மாதிரி வாக்கியத்தை யாருக்கும் எழுதியதில்லை.

இரண்டு குறிப்புகள், ஒரே மனிதர்

கொச்சங்காடியில் ஒரு முதிய ஆர்மோனியக்காரருக்காக உட்கார்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாண வீடுகளில் பாடியவர். பகலில் பஜார் ரோட்டுக் கிடங்கில் இஞ்சி மூட்டை சுமந்தவர். நான் போனபோது ஒரு விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருந்தார். உறவுக்காரப் பையன் எழுதிக் கொடுத்ததாம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"சிறு வயது முதலே இசையில் தணியாத ஆர்வம் கொண்ட நான், கடந்த ஐம்பது ஆண்டுகளாக எண்ணற்ற மேடைகளில் பாடி, ரசிகர்களின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டு, தன்னலமற்ற கலைச்சேவை ஆற்றி வருகிறேன். என் சேவையைக் கருத்தில் கொண்டு விருது வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

பையன் மீது குறை இல்லை. இந்த நாட்டில் விண்ணப்பம் என்றால் இப்படித்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இந்த வாக்கியத்தை எடுத்துப் பரதநாட்டியக்காரர் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும், தவில்காரர் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துவது ஒருவருக்கும் சொந்தமில்லை. குழுவில் இருப்பவர் ஒரே நாளில் இப்படி நூறு காகிதம் படிக்கிறார்.

"இக்கா, முதன்முதலில் ஆர்மோனியத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கே பார்க்க? வீட்டில் இல்லையே மோனே. கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு குஜராத்தி சேட்டு வீடு. சாயங்காலம் மாடியில் வாசிப்பார். நான் மூட்டையை இறக்காமல் தலையில் வைத்துக்கொண்டே நின்று கேட்பேன். மேஸ்திரி திட்டுவார்."

அவர் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். மேலே ஒரு வெள்ளைச் சால்வை, அதன் அடியில் சாயம் போன ஒலிநாடா உறைகள், அதற்கும் அடியில் மாட்டுத்தோல் அட்டை போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தேதி, வீட்டு அடையாளம், வாங்கிய பணம், உடன் வந்தவர் யார் என்று எழுதி வைத்திருந்தார். சில வரிகளில் பணத்துக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும். "இது என்ன?" என்றேன். "ஏழை வீடு. வாங்கவில்லை" என்றார். அவ்வளவு பெரிய செய்தியை அவ்வளவு சின்னக் கோட்டில் எழுதி வைத்திருந்தார். விண்ணப்பத்தில் "தன்னலமற்ற கலைச்சேவை" என்று எழுதியவருக்கு இந்தக் கோடு தெரியாது.

இரண்டு மாலை பேசிய பிறகு, அவர் சொன்னதை நான் எழுதினேன். தொடக்கம் இப்படி வந்தது:

"நான் இசை கற்ற இடம் பஜார் ரோட்டில் ஒரு இஞ்சிக் கிடங்கின் வாசல். பக்கத்து மாடியில் வாசித்த ஆர்மோனியத்தைத் தலையில் மூட்டையோடு நின்று கேட்டேன். சொந்தமாக ஒன்று வாங்க ஆறு ஆண்டு ஆயிற்று. அதன் துருத்தி கிழிந்தபோது செருப்புக் கடையில் தோல் வாங்கி நானே ஒட்டினேன். மைலாஞ்சி இரவுப் பாட்டுகளில் நாற்பதுக்கு மேல் எனக்குத் தெரியும். அவற்றில் பதினொன்றை இன்று இந்தத் தெருவில் வேறு யாரும் பாடுவதில்லை. கல்யாணக் கணக்கு நோட்டை இணைத்திருக்கிறேன். அதில் கோடு போட்ட வீடுகளில் நான் பணம் வாங்கவில்லை."

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "அந்தப் பதினொரு பாட்டை முதலில் போடு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தன்னைவிடப் பாட்டு அவசரமாகக் காப்பாற்றப்பட வேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுவரைவில் அந்த வாக்கியமே முதலில் வந்தது.

இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் பெயரெச்சங்கள் உழைக்கின்றன, இரண்டாவதில் பெயர்ச்சொற்கள். முதலாவதில் மேடை எண்ணற்றது, இரண்டாவதில் பாட்டு பதினொன்று. முதலாவது வேண்டுகிறது, இரண்டாவது காட்டுகிறது. முதலாவதை மறுக்க முடியாது, ஏனென்றால் அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதை நோட்டைப் பிரித்துச் சரிபார்க்கலாம். நம்பிக்கை பிறப்பது சரிபார்க்க முடிகிற இடத்தில்தான்.

2024-இல் கோயம்புத்தூர்ப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார் என்ற ஒரு செய்தியே அவரை யாருக்கும் விளங்க வைக்கிறது. மறு ஆண்டு மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட கருவி மேடை ஏறியதுதான் செய்தி. வாழ்நாள் முழுவதையும் தாங்கும் ஒரு செயல் எல்லாக் கலைஞரிடமும் இருக்கும். குறிப்பு எழுதுபவரின் வேலை அதைத் தேடி எடுப்பது.

கடல் தாண்டியும் இதே கதை

அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரி இசையிலும் ஒரு மெஹ்பூபும் ஒரு உம்பாயியும் இருக்கிறார்கள்.

லொரெட்டா லின் 1932-இல் கென்டக்கி மலையில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். 1970-இல் தன் பிறப்பையே பாட்டாக்கினார். 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1976-இல் அதே பாட்டின் பெயரில் தன்வரலாறு வந்தது. அவர் சொல்ல, ஜார்ஜ் வெக்ஸி என்ற பத்திரிகையாளர் எழுதினார். பேனா பிடித்தவர் வேறு, குரல் லொரெட்டாவுடையது. எழுதத் தெரியாது என்று தயங்கும் நம் கலைஞர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். பிறர் எழுதிக் கொடுப்பதில் வெட்கமில்லை. பிறர் சொல் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

டிஃபோர்ட் பெய்லி 1899-இல் டென்னசியில் பிறந்த கறுப்பினத்தவர். மௌத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே கேட்க வைத்தவர். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்க நட்சத்திரங்களில் ஒருவர். 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகு நாஷ்வில்லில் செருப்புக்கு மெருகு போடும் கடை வைத்துப் பிழைத்தார். 1970-களில் நகர வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்த டேவிட் மார்ட்டன் அவரோடு பழகி, அவர் சொன்னதையெல்லாம் பதிந்துகொண்டார். பெய்லி 1982-இல் மறைந்தார். மார்ட்டனும் சார்லஸ் வுல்ஃபும் எழுதிய வரலாறு 1991-இல் வெளிவந்தது. 2005-இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் பெய்லியின் பெயர் சேர்ந்தது. மறைந்து 23 ஆண்டுகள் கழித்து.

மார்ட்டன் அதற்கென்று வந்த இசை ஆய்வாளர் அல்லர். அந்தக் குடியிருப்பில் வேலையாக வந்தவர். அண்டையில் ஒரு பெரிய கலைஞர் இருக்கிறார் என்று கண்டு, உட்கார்ந்து கேட்டார். ஒரு மனிதரின் பொறுமை அரை நூற்றாண்டு மறதியைத் திருத்தியது.

மட்டாஞ்சேரியிலேயே இதற்குச் சான்று உண்டு. இங்கிருந்த யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் பெட்டியில் ஏறின. ரூபி டேனியல் என்ற மட்டாஞ்சேரிப் பெண்மணி அந்தப் பாட்டுகளை மொழிபெயர்த்தார். 1995-இல் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து தன் வாழ்க்கையையும் நூலாக்கினார். ஆலயங்கள் வெறிச்சோடிய பிறகும் பாட்டு மிஞ்சியது, நோட்டு இருந்ததால்.

தீர்ப்பு

இருவரில் யார் பெரியவர் என்பது இந்த ஒப்பீட்டின் கேள்வி அல்ல. எழுதும் வழியில் உம்பாயியைப் பின்பற்றுங்கள். குருவின் பெயரைச் சொல்லுங்கள், ஆண்டைச் சொல்லுங்கள், வீட்டில் எதிர்த்தார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், உங்களுக்குச் சொல் கொடுத்தவர்களுக்கு உரிய இடம் கொடுங்கள். எழுதும் பொருளில் மெஹ்பூபைப் பின்பற்றுங்கள். எந்த வீட்டில் பாடினீர்கள், யாருடைய மகிழ்ச்சிக்கும் யாருடைய துக்கத்துக்கும் கூட இருந்தீர்கள், எந்தப் பாட்டு உங்களோடு நின்றுவிடும் என்று எழுதுங்கள். ஒருவர் எழுதிய முறையும் மற்றவர் வாழ்ந்த வாழ்வும் சேர்ந்தால்தான் அந்த 800 சொல் நிறையும்.

இன்னொன்றை வாசகரிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கரகம் எடுத்தவர், ஒப்பாரி பாடியவர், பஜனைக்கு மிருதங்கம் வாசித்தவர், தேவாலயத்தில் கோலாட்டம் சொல்லிக் கொடுத்தவர். அவர் தானாக எழுத மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். சாதனை என்ன என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவர் வாய் திறக்காது. முதல் பாட்டை யாரிடம் கேட்டீர்கள், இப்போது உங்களைத் தவிர யாரும் பாடாத பாட்டு எது என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், தேதி போடுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். விண்ணப்பம் அனுப்புவது அதற்குப் பிறகு. விருது வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் அந்த நோட்டு இருக்கும்.

கொச்சங்காடிக்காரரின் விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் இல்லை. அவர் மட்டும் அறிந்த பதினொரு பாட்டுகளில் ஏழு பாட்டுகளை எழுதி முடித்துவிட்டோம். இன்னும் நான்கு இருக்கின்றன.